வெல்வெட்டின் கிண்ணம்

அக்டோபர் 3, செவ்வாய்

லாயத்தின் ஏழு அறையிலும் தண்ணீர்க் கிண்ணம் மாட்டியாகிவிட்டது. குதிரை குடிக்கக் குடிக்கத் தானாகவே நிரம்பும். நான் வாளி தூக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் வாளி தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. சட்டை மாட்டக்கூடப் பெண்டாட்டி வசந்தமணியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. முதலாளியை நச்சரித்து நச்சரித்து வாங்க வைத்தேன். "ஆறுச்சாமி, இது சரியா ஓடலேன்னா அப்புறம் எங்கிட்ட எதையும் கேக்காதே" என்று போஜராஜ் சார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் நிஜமாகச் சொல்வதுதான்.

எலக்ட்ரீஷியன் ஹபீப், மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தான். எர்த் ஒயரைப் புதைக்கக் குழி வெட்ட வேண்டும், உப்பும் கரியும் போட்டு மூட வேண்டும் என்றான். கேத்திப் பள்ளத்தாக்கே கண்ணுக்குத் தெரியாத மழை. இதில் குழி வெட்டினால் குளம்தான் கிடைக்கும். "இப்போதைக்கு எதிலயாவது கட்டிவிடு, மழை விட்டதும் வெட்டிக்கலாம்" என்றேன். கிண்ணத்துக்குத் தண்ணீர் போகும் இரும்பு பைப்பிலேயே கட்டிவிட்டுப் போனான்.

ரப்பர் விரிப்பு ஆறு அறைக்கு மட்டும் வந்திருக்கிறது. அந்த ஆறும் வெளியாட்கள் காசு கொடுத்து இங்கே விட்டிருக்கும் குதிரைகள். ஏழாவது வெல்வெட்டு. அது லாயத்தின் சொந்தக் குதிரை, அதனால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் சார். போகட்டும், அவளுக்குச் சிமெண்டுத் தரை பழக்கம்தான்.

அக்டோபர் 4, புதன்

ஆறும் குடித்துவிட்டன. வெல்வெட்டு மட்டும் கிண்ணத்தில் வாயை வைத்தாள், தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். பிறகு காதை மடக்கி என்னைப் பார்த்தாள். கிழவிக்கு எதுவும் புதிதாக இருக்கக் கூடாது.

ரேஸில் ஓடிய காலத்திலிருந்து என்னிடம் இருப்பவள். அங்கே வேண்டாம் என்று தள்ளியபோது சாரிடம் சொல்லி இங்கே கூட்டிவந்தேன். அந்த நன்றி கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

அக்டோபர் 6, வெள்ளி

இன்று முழுக்க அவளுடைய கிண்ணத்தோடு மல்லுக்கட்டினேன். வெல்வெட்டை வெளியே மரத்தடியில் கட்டிவிட்டு, மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றினேன். வடிகட்டி வலையில் மணல் இருந்தது, ஊதிக் கழுவினேன். மிதவைப் பந்து நன்றாகத்தான் ஏறி இறங்குகிறது. உள்ளே பிசுக்கு வாடை அடித்தது போலிருந்தது, புளி போட்டுத் தேய்த்தேன். கை முழுக்க உள்ளே விட்டுத் துழாவினேன். நல்ல தண்ணீர், பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி. நானே ஒரு வாய் அள்ளிக் குடித்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டு, அவளை உள்ளே கொண்டுவந்தேன். விளிம்பில் வெல்லம் தடவி வைத்திருந்தேன். வெல்லத்துக்காக ஓடி வந்தவள் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினாள், அவ்வளவுதான், சுவரோரம் போய்விட்டாள். வெல்லத்தைக் கூட வேண்டாம் என்று சொல்லும் குதிரையை இப்போதுதான் பார்க்கிறேன்.

வசந்தமணி கொள்ளுக் குண்டானோடு வந்தாள். காலில் வெறும் ரப்பர் செருப்பு. லாயத்துக்குள் கம்பூட்ஸ் என்கிற முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரும் வரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். போன வருஷம் ஒருவனுக்குக் குதிரை மிதித்து இரண்டு விரல் போனது. பெண்டாட்டிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? திருப்பி அனுப்பி பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

"சட்டமெல்லாம் நல்லாத்தானுங்க போடறீங்க" என்றாள். அவள் குரலில் ஒரு குத்தல் எப்போதும் இருக்கும்.

அக்டோபர் 8, ஞாயிறு

காலையில் வெல்வெட்டு கூரை ஓரத்தில் கழுத்தை நீட்டி, ஒழுகும் மழைத்தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் வைத்தேன். மூக்கை முக்கிக்கொண்டு அடிவரை உறிஞ்சினாள். குடித்து முடித்து வாளியை உருட்டியும் விட்டாள்.

அப்படியென்றால் நோயில்லை. தாகமும் இருக்கிறது. திமிர்தான். வாளி வரும் என்று தெரிந்து காத்திருக்கிறாள். சின்னக் குழந்தை சாதத்தை ஒதுக்கிவிட்டு முறுக்குக்கு அழுவது போல. இப்படி வாளியைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் கிண்ணத்தில் குடிக்க மாட்டாள். சார் வந்து பார்த்தால் என் மானம் போகும்.

வாளி எல்லாவற்றையும் தீவன அறையில் போட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

"கிண்ணத்துலயும் குடிக்கலீனா அது வேற எங்கீங்க போகும்?" என்றாள் வசந்தமணி.

"தாகம் எடுத்தா தானா குடிப்பா, அம்மிணி. நீ கொள்ளை வேக வை."

அக்டோபர் 9, திங்கள்

குடிக்கவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

வெல்வெட்டு இன்று தெளிவாக இருந்தாள். கொள்ளும் தவிடும் தின்றாள். என் சட்டைப் பையை முகர்ந்தாள். நான் நினைத்தபடியே பிடிவாதம் தளர்கிறது. கிண்ணத்தில் குடித்ததை நேரில் பார்க்கவில்லை, ஆனால் குடித்துத்தான் இருக்க வேண்டும்.

கொள்ளுக் குண்டான் விடியும்போதே கழுவிக் கவிழ்த்திருந்தது. வசந்தமணிக்கு இப்போதெல்லாம் சுறுசுறுப்பு அதிகமாகிவிட்டது.

அக்டோபர் 12, வியாழன்

எழுதவே கை வரவில்லை. கோபம்.

விடிந்தும் விடியாமல் லாயத்துக்குப் போனால், வசந்தமணி குண்டான் நிறையத் தண்ணீரை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெல்வெட்டு உள்ளே மூக்கை விட்டுக் குடிக்கிறாள். தினமும் நடந்திருக்கிறது. நான்தான் முட்டாள் மாதிரி பிடிவாதம் தளர்கிறது என்று இங்கே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அம்மிணி, நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு செய்யறே. இப்பிடிச் செல்லம் குடுத்தா அது எப்பக் கத்துக்கும்?"

"குடிக்கற தண்ணியக் குடுத்தா செல்லமுங்களா?"

"சார் கேட்டா நானல்லோ பதில் சொல்லோணும்?"

"சாருக்குப் பதில் சொல்லுங்க. வேண்டாங்கல. அதுக்கு ஏனுங்க இதைக் காயப்போடறீங்க? அது என்னமோ சொல்லுதுங்க. கிட்டப் போகுது, பயந்துக்கிட்டு வருது. பாத்தா உங்களுக்குத் தெரியலீங்களா?"

"குதிரையப் பத்தி எனக்குச் சொல்லித் தாறியா?"

குண்டானையும் வாங்கித் தீவன அறையில் வைத்துவிட்டேன். கொள்ளு வேகவைக்கிற நேரத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் வந்து, "அந்தச் சாவியக் குடுங்க" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. ராத்திரி எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அக்டோபர் 13, வெள்ளி

குடித்துவிட்டாள்!

இன்று கேத்தி முழுவதும் பராமரிப்புக்காகக் கரண்ட் கட். காலையில் போனது, சாயங்காலம்தான் வந்தது. செல்போனில் கூட சார்ஜ் இல்லை. வேறு வேலை ஓடாததால் வெல்வெட்டின் அறை வாசலில் உட்கார்ந்து சேணத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாகக் கிண்ணத்திடம் போனாள். மூக்கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அப்புறம் குடிக்க ஆரம்பித்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்குவதை எண்ணலாம் போலத் தெரிந்தது. கிண்ணம் காலியாகி, மேல் தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக நிரம்ப, காத்திருந்து மறுபடி குடித்தாள். மத்தியானமும் குடித்தாள். என் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

வசந்தமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? பூட்டி வெச்சதுக்குப் பலன் கிடைச்சுதா இல்லையா?" அவளும் வெல்வெட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

கரண்ட் வந்ததும் சாருக்குப் போன் போட்டு எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 14, சனி

குடிக்கவில்லை. நேற்றுக் குடித்தவளுக்கு இன்று என்ன கேடு? கிண்ணத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். லாடம் சிமெண்டில் கீச்சென்று இழுபட்டது. ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவளை அடித்து எத்தனையோ வருஷமாகிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

மூன்றாம் அறைக் குதிரைக்கு முழங்கால் வீக்கம், கால்நடை டாக்டர் மெர்லின் வந்தார். போகும்போது வெல்வெட்டின் அறையை எட்டிப் பார்த்து, "என்ன, பாட்டி டல்லா இருக்காங்க? தண்ணியெல்லாம் குடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"குடிக்கிறா டாக்டர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை குடித்தாளே. பொய் இல்லை.

வசந்தமணி கொள்ளு அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்து ஊதினாள்.

அக்டோபர் 16, திங்கள்

லத்தி சின்னச் சின்ன உருண்டையாக, காய்ந்து போய் இருக்கிறது. அதுவும் கொஞ்சம்தான். குளிருக்கு அப்படி இருக்கும். கொள்ளில் தண்ணீர் அதிகம் விடச் சொன்னேன். மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

நாளைக்கும் குடிக்கவில்லை என்றால் ஒரு வாளி கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் போனபோது படுத்துக் கிடந்தாள். எழுந்தாள், திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள், பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டாள், மறுபடி படுத்துப் புரண்டாள். உடம்பெல்லாம் வியர்வை, இந்தக் குளிரில். ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். மூக்கருகில் வைத்தேன். குடிக்கவில்லை. இப்போது வாளியும் வேண்டாமாம்.

டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெயும் தண்ணீரும் இறக்கினார். கழுத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார். குடலில் தீனி காய்ந்து கட்டிவிட்டதாம், சிமெண்டு மாதிரி.

"எவ்வளவு தண்ணி குடிச்சிட்டிருந்தா?"

"கிண்ணம் தானா ரொம்பிக்குது டாக்டர். எவ்வளவுன்னு எப்பிடித் தெரியும்?"

"குடிக்கிறதை யாராவது பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் டாக்டர்."

வசந்தமணி வெல்வெட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறந்திருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். வெல்வெட்டின் காதை நீவிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 18, புதன்

மத்தியானம் வெல்வெட்டு போய்விட்டாள்.

குடல் வெடித்துவிட்டது, இனி வலி மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட சாரிடம் போனில் கேட்டார். சரி என்று சார் சொன்னது எனக்கும் கேட்டது. கழுத்துக் கயிற்றை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னங்கால் மடங்கி, அப்படியே என் பக்கமாகச் சாய்ந்தாள். மண் வெட்டும் வண்டி வந்து பின்பக்கச் சரிவில் குழி தோண்டியது. மழையில் மண் சரிந்து சரிந்து விழுந்தது.

எல்லோரும் போன பிறகு வசந்தமணி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த மண்ணில் ஊற்றினாள்.

அக்டோபர் 20, வெள்ளி

வேலை செய்தேன். சாப்பிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை.

லாயம் முழுவதையும் தண்ணீர் அடித்துக் கழுவினோம். சேணம், கடிவாளம், லாடம் அடிக்கிற சுத்தி, புல் வெட்டுகிற மிஷின், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜை என்பதால் எல்லோரும் கம்பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டோம். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் என் சட்டத்துக்கு லீவு. சாரும் வெறுங்காலோடு வந்து தேங்காய் உடைத்தார்.

கிண்ணங்களும் மிஷின்தானே, அவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னார் சார். வசந்தமணி சந்தனக் கிண்ணியோடு ஒவ்வொரு அறையாகப் போனாள். ரப்பர் விரிப்பு மேல் நின்று ஆறுக்கும் வைத்தாள். ஏழாவது அறை காலி.

"அது வேண்டாம், விடு" என்றேன்.

"அதுவும் அவ இருந்த எடம்தானுங்க" என்று உள்ளே போனாள்.

ஈரச் சிமெண்டு. வெறுங்கால். சந்தன விரலைக் கிண்ணத்தில் வைத்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முகம் சுளித்துப் பின்னால் நகர்ந்தாள். அந்த இழுப்பை நான் இந்த மாதம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மறுபடி போய் வேண்டுமென்றே விரலை வைத்தாள், மறுபடி இழுத்தாள்.

"ஏனுங்க. இங்க வாங்க. வந்து தொடுங்க."

தொட்டேன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை எறும்பு ஏறுவது போல விறுவிறுத்தது. ஓடிப்போய் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து தொட்டேன். ஒன்றுமில்லை. போட்டுவிட்டுத் தொட்டேன். விறுவிறுத்தது. பக்கத்து அறையில் ரப்பர் மேல் நின்று தொட்டேன். ஒன்றுமில்லை.

கரண்ட் போன அந்த வெள்ளிக்கிழமை வெல்வெட்டு ஏன் குடித்தாள் என்று அப்போதுதான் விளங்கியது. என் பூட்டு பலித்ததென்று பெருமையாகப் போன் போட்டேனே.

சாரும் தொட்டுப் பார்த்தார். "ஷாக்கா இது? லேசாத்தானே இருக்கு. நாளைக்கு ஹபீப்பை வரச் சொல்லு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வயசான குதிரை, ஆறுச்சாமி. இல்லேன்னாலும் இந்தக் குளிர்காலம் தாண்டியிருக்காது. குதிரை விட்டிருக்கிறவங்க காதுல இதெல்லாம் விழவேண்டாம்" என்றார்.

"சரிங்க சார்" என்றேன். சொன்னபோது ஒரு நிம்மதி வந்தது. வந்ததை எழுதாமல் விட முடியவில்லை. என்ன மனுஷன் நான்?

வசந்தமணி பொரி, கடலை எதையும் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "நான் சாவி கேட்டனுங்க." திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 24, செவ்வாய்

ஹபீப் வந்தான். மழை இன்னும் விடவில்லை. அந்த மழையிலேயே கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு எர்த் குழி வெட்டினான். குளமெல்லாம் ஆகவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை என்று சொல்ல முடியாது, ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கரியும் உப்பும் போட்டுவிட்டான்.

மோட்டாரில் எங்கோ ஒயர் கசிகிறது, அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போகாமல் பைப் வழியாகக் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது என்றான். ரப்பர் பூட்ஸ் போட்ட நமக்கும், ரப்பர் விரிப்பில் நின்ற குதிரைகளுக்கும் அது தெரியவில்லை. ஈரச் சிமெண்டில் இரும்பு லாடத்தோடு நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"பைப்புல கட்டுனது நான்தாண்ணே" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"கட்டச் சொன்னது நான். நீ குழி வெட்டணும்னுதான் சொன்னே" என்றேன்.

குழியிலிருந்து வந்த புது எர்த் ஒயரை மோட்டாரில் முடுக்கப் போனான். கொஞ்சம் பொறு என்றேன்.

வெல்வெட்டின் அறைக்குப் போய் கம்பூட்ஸைக் கழற்றினேன். தரை நனைந்திருந்தது. மண்டி போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து கிண்ணத்தில் வாயை வைத்தேன். கையால் தொட்டபோது எறும்பு ஊர்ந்தது என்று நேற்று எழுதியிருக்கிறேன். உதட்டுக்கு அது வேறு. உதடும் பல்லும் ஈறும் ஒன்றாகச் சுண்டி இழுத்தன. நாக்கில் துருப்பிடித்த ஆணியின் ருசி. ஒரு மடக்கு உள்ளே போனது. இரண்டாவது மடக்குக்கு முகம் தானாகவே பின்னால் வந்துவிட்டது. மறுபடி குனிந்தேன், முடியவில்லை. ஹபீப் வந்து தோளைப் பிடித்துத் தூக்கினான். "அண்ணே, என்ன பண்றீங்க, எந்திரிங்கண்ணே" என்று கத்தினான்.

வாசலில் வசந்தமணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. உள்ளே வந்து, முந்தானையால் என் முகவாயைத் துடைத்தாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு என்னைத் தொடுகிறாள்.

சாயங்காலம் டாக்டர் மெர்லினுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெல்வெட்டு குடிக்கவில்லை என்பதையும், நான் பூட்டியதையும். சார் என்ன செய்வாரோ செய்யட்டும். டாக்டர் "அது தினமும் கிண்ணத்துக்கிட்ட போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

போனாள் டாக்டர். வேறு தண்ணீர் கிடையாது என்று வாளியைப் பூட்டி நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதனால் ஒவ்வொரு நாளும் போனாள்.